கேஸ்ட்ரோபப்பா, மாடர்ன் பிரிட்டிஷ் உணவகமா? இஸ்லிங்டனில் எங்கே சாப்பிடலாம்

லண்டனில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத உறவுக்காரத் தம்பி போன மாதம் போன் செய்தான். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்களாம். "வந்ததுல இருந்து ஈஸ்ட் ஹாம் தோசையிலயே காலம் ஓடிடுச்சுண்ணே. அவங்களுக்கு ஒரு நாளாவது இந்த ஊர்ச் சாப்பாட்டைக் காட்டணும். பப்புக்குக் கூட்டிட்டுப் போலாமா, இல்ல நல்ல ரெஸ்டாரன்ட்டா பார்த்து புக் பண்ணவா?" என்றான். இரண்டு நாள் கழித்து, கிளார்க்கன்வெல்லில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தோழி ஒருவர் அதே கேள்வியை வேறு கவலையோடு கேட்டார். அவர் சைவம், மதுவும் அருந்துவதில்லை. அலுவலகக் குழுவில் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது.

இருவரும் சொன்னது ஒரே பகுதி, இஸ்லிங்டன். அதன் தெற்கு ஓரம் கிளார்க்கன்வெல். ஒரு காலத்தில் கடிகாரம் செய்பவர்களும் அச்சகங்களும் நிறைந்திருந்த தெருக்களில் இன்று கட்டட வடிவமைப்பாளர்களின் அலுவலகங்கள். வடக்கே போனால் பார்ன்ஸ்பரி. பழைய ஜார்ஜிய காலத்து வரிசை வீடுகள், நடுவில் மரங்கள் அடர்ந்த சதுக்கங்கள். ஒரு வீட்டின் விலை பத்து லட்சம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டிப் போகும். இப்படிப்பட்ட வட்டாரத்தில் மோசமான சாப்பாட்டுக் கடை அதிக நாள் தாங்காது. எங்கே போனாலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் தேர்ந்தெடுப்பதும் கஷ்டம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ்ட்ரோபப் என்பது குடிக்க மட்டுமல்லாமல் நல்ல சாப்பாட்டுக்காகவும் போகும் பப். மாடர்ன் பிரிட்டிஷ் உணவகம் என்பது இந்த ஊர்ச் சமையலைப் பருவத்துக்கேற்ற பொருள்களோடு புதுவிதமாகச் செய்யும் ரெஸ்டாரன்ட். சமையல் எங்கே உயர்வு என்று பார்த்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஃபுல்ஹாமில் இருக்கும் ஹார்வுட் ஆர்ம்ஸ் என்ற பப் 2010-லேயே, சிறந்த சமையலுக்கு மிஷலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தை வாங்கிவிட்டது. பப் என்றால் சமையல் ஒரு படி கீழே என்ற எண்ணம் அதோடு போயிருக்க வேண்டும்.

## இரண்டும் பிறந்த கதை

கதை தெரிந்தால் வித்தியாசம் தானாகப் புரியும். பிரிட்டனில் பெரும்பாலான பப்கள் பெரிய பீர் நிறுவனங்களின் கையில் இருந்தன. 1989-ல் அரசு கொண்டுவந்த 'பியர் ஆர்டர்ஸ்' விதிகள் அந்தப் பிடியைத் தளர்த்தின. ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறின, குத்தகைக்கும் வந்தன. முழு ரெஸ்டாரன்ட் திறக்கப் பணம் போதாத மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் இருவரும் 1991-ல் கிளார்க்கன்வெல்லின் ஃபாரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' பப்பை எடுத்தார்கள். பாருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்தார்கள். அன்றன்றைய சாப்பாட்டைக் கரும்பலகையில் எழுதினார்கள். மேசை ஒரு ஜாதி, நாற்காலி ஒரு ஜாதி. கேஸ்ட்ரோபப் என்ற பெயரே இந்தக் கடையை வைத்துத்தான் பரவியது.

1994-ல், அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில், ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், ஃபெர்கஸ் ஹெண்டர்சனும் டிரெவர் கல்லிவரும் 'செயின்ட் ஜான்' உணவகத்தைத் திறந்தார்கள். பன்றி இறைச்சியைப் புகையூட்டிப் பதப்படுத்திய பழைய கட்டடம் அது. வெள்ளைச் சுவர். சுவரில் படம் இல்லை, பின்னணியில் பாட்டு இல்லை. ஆட்டையோ மாட்டையோ வெட்டினால் மூக்கிலிருந்து வால்வரை எதையும் வீணாக்கக் கூடாது என்பதுதான் ஹெண்டர்சனின் கொள்கை. குடலும் ஈரலும் சுவரொட்டியும் தின்று வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே அதை மறந்திருந்தது. 2009-ல் அவர்களுக்கும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது.

அங்கே பேர்போன தட்டு எது தெரியுமா? நம்ம நல்லி எலும்பு. அடுப்பில் சுட்ட எலும்புத் துண்டுகளை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவருவார்கள். நீண்டு ஒடுங்கிய கரண்டியால் உள்ளிருப்பதை நெம்பி எடுத்து, சுட்ட ரொட்டியில் தடவி, கொரகொரப்பான சாம்பல் நிற உப்பைத் தூவ வேண்டும். பக்கத்தில் பார்ஸ்லி இலை, சின்ன வெங்காயம், கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு, எலுமிச்சை கலந்த சாலட். கொழுப்பும் உப்பும் புளிப்பும் ஒரே வாயில். குழம்பில் கிடக்கும் நல்லியைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அது கன்றின் எலும்பு.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். யார் கூட வருகிறார்கள்? எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? அவர்கள் எதைச் சாப்பிட மாட்டார்கள்? மொத்தமாக எவ்வளவு ஆகும்? இடம் உடம்புக்கு ஒத்துவருமா, அதாவது படி, இருக்கை, சத்தம்? முதல் மூன்றுதான் பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும்.

## கேஸ்ட்ரோபப்

பப்பின் பெரிய பலம் நேரம். பாரில் ஆர்டர் கொடுத்து, கிடைத்த மேசையில் உட்கார்ந்தால் உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரே ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்ற வரிசையே இங்கே கட்டாயம் இல்லை. ஒருவருக்குப் பசி, இன்னொருவருக்கு இல்லை என்றால் பப் போல வசதியான இடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே தனி உலகம். சண்டே ரோஸ்ட் என்பது ஒரு குடும்பச் சாப்பாடு: சுட்ட இறைச்சி, மொறுமொறு உருளைக்கிழங்கு, முட்டையும் மாவும் பாலும் கலந்து சுட்டால் உப்பிவரும் யார்க்ஷயர் புட்டிங், மேலே கிரேவி. மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்குத் துவையல், ஆட்டிறைச்சிக்குப் புதினாவும் வினிகரும் சேர்ந்த சாஸ். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். நான்கு மணிக்குப் போனால் நல்ல துண்டு தீர்ந்திருக்கும், உருளைக்கிழங்கும் விறைத்துப் போயிருக்கும். பார்ன்ஸ்பரியில் டிரேப்பர்ஸ் ஆர்ம்ஸ் போலப் பின்பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பப் என்றால், வெயில் நாளில் மேசை கிடைப்பது இன்னும் கடினம். முன்பதிவு செய்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. பல பப்கள் மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. பழைய கட்டடம் என்பதால் கழிப்பறை பெரும்பாலும் நிலவறையிலோ மாடியிலோ இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியாத செலவு ஒன்று இருக்கிறது: ரவுண்டு. அலுவலக நண்பர்களோடு போனால் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் குடிக்க வாங்குவது வழக்கம். எட்டுப் பேர் என்றால் உங்கள் முறை வரும்போது ஐம்பது அறுபது பவுண்டு போய்விடும், நீங்கள் குடித்தது இரண்டு லைம் சோடாவாக இருந்தாலும். இதற்கு ஒரு நாகரிகமான வழி உண்டு. வந்ததுமே, "நான் சீக்கிரம் கிளம்பணும், எனக்கு நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நடுவில் விலகினால்தான் சங்கடம்.

## மாடர்ன் பிரிட்டிஷ் உணவகம்

இங்கே பலம் கவனிப்பும் பருவமும். மெனுவை அநேகமாகத் தினமும் மாற்றுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, யார்க்ஷயரில் இருட்டறையில் வளர்த்த இளஞ்சிவப்பு ருபார்ப் தண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன்வரை அஸ்பராகஸ். ஆகஸ்ட் 12-ல் கிரௌஸ் என்ற காட்டுப்பறவையின் வேட்டைக்காலம் தொடங்கும். அதைத் துப்பாக்கியால் சுட்டுப் பிடிப்பதால் இறைச்சிக்குள் சின்ன ஈயக் குண்டு தங்கியிருக்கலாம். மெனுவிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். மெதுவாகக் கடியுங்கள், பல் பத்திரம்.

ஒரு விசேஷ நாள், இரண்டே பேர், நிதானமான பேச்சு என்றால் உணவகம்தான் சரி. பரிமாறுபவர் உங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்து சொல்வார்.

நேரம்தான் இங்கே இடிக்கும். இரண்டு பேர் மேசைக்குப் பெரும்பாலும் இரண்டு மணி நேரம், அதற்குள் எழுந்துவிட வேண்டும். முன்பதிவின்போது கார்டு விவரம் வாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகும் என்பதையும் யோசித்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம் துணைத் தட்டு. முதன்மைத் தட்டில் இறைச்சியோ மீனோ மட்டும் தனியாக வரும். உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் தனிக்கணக்கு. ரொட்டிக்கும் தனியாக விலை போடுகிறார்கள். தண்ணீர் கேட்டால் பாட்டில் கொண்டுவருவார்கள். குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்லுங்கள். மது உரிமம் உள்ள எந்தக் கடையும் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் இங்கிலாந்தில் சட்டம்.

## நடுவில் நிற்கும் கடைகள்

எல்லாக் கடைகளையும் இந்த இரண்டு பெட்டிகளில் அடைக்க முடியாது. ஈகிளுக்கு அருகிலேயே இருக்கும் குவாலிட்டி சாப் ஹவுஸ் 1869-ல் உழைக்கும் மக்களுக்காகத் திறந்த சாப்பாட்டுக் கடை. 'முற்போக்கான தொழிலாளர் உணவகம்' என்ற பொருளில் கண்ணாடியில் பொறித்த வாசகம் இன்றும் இருக்கிறது. இப்போது அது நல்ல மாடர்ன் பிரிட்டிஷ் உணவகம். உருளைக்கிழங்கை மெல்லிய ஏடுகளாகச் சீவி, வாத்துக் கொழுப்பில் புரட்டி, அடுக்கி வேகவைத்து, இரவு முழுக்க அழுத்திவைத்து, கட்டிகளாக வெட்டிப் பொரித்துத் தருவார்கள். கடித்தால் ஏடு ஏடாக நொறுங்கும். அதற்காகவே போகலாம். ஆனால் அந்தப் பழைய மரப்பெஞ்சுகள் குறுகலானவை, கெட்டியானவை. இடுப்பு வலி உள்ள பெரியவர்களை அங்கே இரண்டு மணி நேரம் உட்கார வைக்க மாட்டேன்.

செயின்ட் ஜானிலும் முன்பக்கம் ஒரு பார் உண்டு. உள்ளே முழுச் சாப்பாடு வேண்டாம், ஒரு தட்டு ருசி பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது பப்பின் சுதந்திரத்தையும் உணவகத்தின் சமையலையும் சேர்த்துத் தருகிறது. தனியாகப் போகிறவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

## சாப்பிடாதவை என்ற பெரிய விஷயம்

நம்மில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள், சுத்த சைவம், ஹலால் மட்டும் என்று பல வகை. பிரிட்டிஷ் சமையலில் சிக்கல் என்னவென்றால், இறைச்சி கண்ணில் படாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும். சைவ நண்பர் ஒருவரோடு ஒரு பப்பில் (பெயர் வேண்டாம்) சிப்ஸ் பாதி சாப்பிட்ட பிறகுதான் அது மாட்டுக் கொழுப்பில் பொரித்தது என்று தெரிந்தது. அவர் தட்டைத் தள்ளிவைத்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கேட்காமல் விட்டது என் தப்பு. அன்றிலிருந்து எங்கே போனாலும் கேட்கிறேன்.

- உருளைக்கிழங்கும் சிப்ஸும் எந்தக் கொழுப்பில்? மாட்டுக் கொழுப்பு, வாத்துக் கொழுப்பு, எண்ணெய், எதுவாகவும் இருக்கலாம். எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே சட்டியா?
- யார்க்ஷயர் புட்டிங் சுட்ட தட்டில் என்ன தடவினார்கள்? பழைய முறையில் அதுவும் மாட்டுக் கொழுப்புதான்.
- பை (pie) என்ற, மாவு மூடிச் சுடும் பண்டத்தின் மேல்மாவில் சூயட் இருக்கிறதா? சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. சில இனிப்புப் புட்டிங்குகளிலும் சேரும்.
- வெல்ஷ் ரேர்பிட் பார்த்தால் சீஸ் தடவிச் சுட்ட ரொட்டிதான். ஆனால் அதில் சேர்க்கும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும், பல இடங்களில் பீரும் சேரும்.
- ஜெல்லியிலும் சில கிரீம் இனிப்புகளிலும் ஜெலட்டின்.

மெனுவில் பிளாக் புட்டிங் என்று பார்த்தால் இனிப்பு என்று நினைக்காதீர்கள். பன்றி ரத்தமும் தானியமும் சேர்ந்த சாசேஜ் அது. நம்ம ஊர் ரத்தப் பொரியல் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

முட்டை, பால், கடலை, எள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை, ஜெலட்டினும் இல்லை. ஆகவே 'அலர்ஜி இருக்கிறதா' என்று அவர்கள் கேட்கும்போது 'இல்லை' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஹலால் வேண்டுபவர்கள் சாஸில் ஒயின் ஊற்றியிருக்கிறார்களா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் உணவகம் தெளிவாக முந்துகிறது. முன்பே எழுதிக் கேட்டால் சமையலறை மாற்றிச் செய்ய இடம் இருக்கிறது. ஞாயிறு மதியம் நிரம்பி வழியும் பப்பில், காலையிலேயே செய்து வைத்த கிரேவியை யாரும் மாற்ற முடியாது. சைவக்காரருக்குக் கொட்டைகள் சேர்த்துச் சுட்ட ரொட்டி போன்ற ஒன்று வரும், அதைச் சுற்றி என்ன கொழுப்பு என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

## பணம்

இரண்டு பேருக்கு நான் மனதில் போடும் உத்தேசக் கணக்கு இது, பவுண்டில். கடைக்குக் கடை மாறும். எந்தெந்த இடத்தில் கூடுகிறது என்று காட்டத்தான்.

| | கேஸ்ட்ரோபப் | உணவகம் |
|---|---|---|
| தொடக்கத் தட்டு | இல்லை | 28 |
| முதன்மைத் தட்டு | 44 | 60 |
| துணைத் தட்டு | 6 | 14 |
| இனிப்பு | 9 (ஒன்றைப் பகிர்ந்து) | 20 |
| குடிக்க, ஆளுக்கு ஒன்று | 14 | 20 |
| சர்வீஸ் சார்ஜ் 12.5% | 9.13 | 17.75 |
| மொத்தம் | 82.13 | 159.75 |

முதன்மைத் தட்டில் மட்டும் பார்த்தால் வித்தியாசம் 16 பவுண்டுதான். மீதி எல்லாம் சுற்றியுள்ளவற்றில் ஏறுகிறது. உணவகத்தில் தொடக்கத் தட்டையும் ஒரு இனிப்பையும் விட்டுவிட்டால் இடைவெளி பாதிக்குமேல் குறையும். வார நாள் மதியத்தில் பல இடங்களில் குறைந்த விலையில் செட் லஞ்ச் உண்டு. அதே சமையலறை, அதே கைதான்.

மெனுவில் போட்டிருக்கும் விலையில் 20% வரி ஏற்கனவே அடங்கியிருக்கிறது. நம்ஊர் போல ஜிஎஸ்டி தனியாகக் கடைசியில் வராது. சர்வீஸ் சார்ஜ் பில்லில் வந்தாலும் கட்டாயம் இல்லை, கவனிப்பு சரியில்லை என்றால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணத்தை முதலாளி பிடித்துக்கொள்ளாமல் முழுக்க ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நல்லபடி கவனித்திருந்தால் தாராளமாகக் கொடுங்கள். பாரில் நாமே போய் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

## அந்த இருவருக்கும் நான் சொன்னது

தோழியை உணவகத்துக்கே போகச் சொன்னேன். வெள்ளி மாலை வேண்டாம், புதன் மதியம். எட்டுப் பேர் என்றால் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசிய செட் மெனு கிடைக்கும், ரவுண்டுப் பிரச்சினையும் இல்லை. மேலே உள்ள கேள்விகளை அப்படியே மின்னஞ்சலில் எழுதச் சொன்னேன். மறுநாளே சமையலறையிலிருந்து பதில் வந்ததாம்: காளான் பையில் சூயட் உண்டு, இரண்டு நாள் முன்னால் சொன்னால் அவருக்கு மட்டும் வெண்ணெய் மாவில் செய்து தருகிறோம் என்று.

தம்பியின் அப்பா ஆடு, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொட மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதோடு புது இடத்தில் அவசரப்படுத்தினால் சாப்பாடே இறங்காது. அவர்களுக்கு பார்ன்ஸ்பரிப் பக்கம் தோட்டம் உள்ள ஒரு பப், ஞாயிறு பன்னிரண்டரை. உருளைக்கிழங்கு எண்ணெயில்தான் என்று கேட்டு உறுதிசெய்த பிறகே புக் செய்தான். ஆட்டுத் தோள்பகுதியை மூவருக்கும் பொதுவாக ஒரே தட்டில் வாங்கியிருக்கிறார்கள். அப்பா எலும்பைக் கையில் எடுத்துவிட்டார். அம்மா புதினா சாஸை ருசி பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பச்சை மிளகாய் போட்டிருக்கலாம் என்றாராம். சாப்பிட்டு முடித்து நான்கு மணி வரை தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வந்து எழுப்பவில்லை.